கையேடு இல்லாத பழைய ஸ்னோ ப்ளோயர்: இரண்டு பனிக்காலம் ஓட்டிப் பார்த்த பிறகு

டிராக்டரின் பின்னால் மாட்டும் ரகம், ஆறடி அகலம். முன்னால் இருக்கும் ஆகர் என்ற திருகுச் சுருள் பனியை அரைத்து நடுவுக்குக் கொண்டுவரும், பின்னால் இருக்கும் விசிறி அதை வாங்கிக் குழாய் வழியாகத் தூரமாக வீசும். விற்றவர் நன்றாக ஓடும் என்றார், அது பொய்யில்லை. கையேடு கேட்டதற்குச் சிரித்தார். பெயர்த்தகட்டின் மேலேயே பெயிண்ட் அடித்திருந்தார்கள், சுரண்டினால் எண்ணும் சேர்ந்தே போய்விட்டது.

சரி, இயந்திரத்தையே படிப்போம் என்று உட்கார்ந்தேன். முதலில் கண்ணில் பட்டது ஆகரின் ஷியர் போல்ட். தலையில் ஆறு கோடுகள், அதாவது வலிமையில் கிரேடு 8, மிக முரட்டு ரகம். கல்லோ கட்டையோ சிக்கினால் இந்த போல்ட் உடைய வேண்டும், கியர்பாக்ஸ் பிழைக்க வேண்டும், அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது. அடிக்கடி உடைகிறதே என்று யாரோ எரிச்சலில் உடையாத போல்ட்டைப் போட்டுவிட்டார்கள். சரியான ரகம் எது என்று சொல்லக் கையேடு இல்லை, அதனால் அதே தடிமனில் தலையில் கோடே இல்லாத கிரேடு 2 போட்டேன். கணக்கு தப்பினாலும் போவது ஒரு போல்ட்தானே.

அப்புறம்தான் பெரிய விஷயம் தெரிந்தது. போல்ட்டைக் கழற்றிய பிறகு ஆகர் தண்டின் மேல் தனியாகச் சுற்ற வேண்டும், இதுவோ துருவில் ஒட்டி அசையவே இல்லை. இப்படி இருந்தால் எந்த போல்ட் போட்டும் பயனில்லை, அது உடைந்தாலும் ஆகர் நிற்காது, அடி நேராக கியருக்குத்தான் போகும். துரு இளக்கும் எண்ணெயை மூன்று நாள் ஊற்றி, பைப் ரெஞ்சால் ஆட்டி ஆட்டி எடுத்து, நிப்பிளில் கிரீஸ் அடித்துக்கொண்டே கையால் சுற்றினேன். இப்போது ஒவ்வொரு பனிக்காலத்துக்கு முன்னும் இதைச் செய்கிறேன். பழையது வாங்குபவர்கள் பெயிண்டைப் பார்க்காமல் இதைப் பாருங்கள்.

கியர்பாக்ஸ் ஆயில் பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தது, தண்ணீர் புகுந்திருக்கிறது என்று அர்த்தம். முழுவதும் வடித்துவிட்டு, கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையத்தை மாற்றி, 80டபிள்யூ-90 கியர் ஆயிலைப் பக்கவாட்டுத் துளையில் வழியும் வரை ஊற்றினேன். சில இயந்திரங்களில் ஆகர் கியர்பாக்ஸுக்குள் ஆயிலுக்குப் பதில் கிரீஸே இருக்கும், அதனால் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

பி.டி.ஓ., அதாவது டிராக்டர் என்ஜினின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொடுக்கும் தண்டு, அதன் வேகத்தையும் யாரிடமும் கேட்கத் தேவையில்லை. ஷாஃப்ட் முனையில் 6 பல் இருந்தால் நிமிடத்துக்கு 540 சுற்று, அதே 35 மி.மீ. தண்டில் 21 பல் இருந்தால் 1000. என்னுடையது 6 பல். ஆனால் ஷாஃப்ட்டின் நீளத்தை அளந்தே ஆக வேண்டும்: ப்ளோயரை மேலும் கீழும் தூக்கி இறக்கிப் பார்த்தால், மிகக் குறுகிய நிலையிலும் முட்டக் கூடாது, மிக நீண்ட நிலையிலும் இரண்டு குழாய்களும் மூன்றில் ஒரு பங்காவது ஒன்றுக்குள் ஒன்று இருக்க வேண்டும். அதன் மேல் மூடும் பிளாஸ்டிக் உறை உடைந்திருந்தது, அது வரும் வரை ஓட்டவில்லை. சுற்றும் ஷாஃப்ட்டில் சட்டை நுனி மாட்டினால் போதும், ஆளையே இழுத்துவிடும்.

பேரிங் சுலபம். விளிம்பிலேயே 6206 என்று பொறித்திருந்தது, உள்விட்டம் 30, வெளிவிட்டம் 62, அகலம் 16 மி.மீ., எந்தக் கம்பெனி போட்டாலும் அதே அளவுதான். தரையில் உராயும் கால்களை ஜல்லிப் பாதைக்கு ஓரங்குலம் உயர்த்தினேன், கான்கிரீட்டுக்குச் சில மில்லிமீட்டரே போதும்.

வேலை எப்படி? உலர்ந்த பனியில் பிரமாதம். ஈரப் பனியில் குழாய் அடைத்துக்கொள்கிறது, ஒவ்வொரு முறையும் பி.டி.ஓ.வையும் என்ஜினையும் நிறுத்தி, சாவியை எடுத்து, விசிறி நின்றதா என்று பார்த்து, கட்டையால்தான் குத்துகிறேன், கையை விடுவதே இல்லை. உள்ளே சிலிக்கான் ஸ்ப்ரே அடித்தால் கொஞ்சம் பரவாயில்லை. முழு நேரமும் பின்னால் திரும்பிப் பார்த்து ரிவர்ஸில் ஓட்டுவதில் கழுத்து போய்விடுகிறது, அது இந்த ரகத்துக்கே உள்ள குறை.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். போல்ட், பேரிங், செயின் அளவுகளையெல்லாம் சட்டத்தின் உள்பக்கம் அழியாத மையில் எழுதி வைத்திருக்கிறேன், விற்கும்போது வாங்குபவர் கையேடு கேட்டால் அதைக் காட்டலாம்.