மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம்: தபால் ஆபீஸா, பேங்கா?

அப்பா பணி ஓய்வு பெற்று கிராஜுவிட்டி பணம் கைக்கு வந்ததும், மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் போடுவது என்று வீட்டில் சீக்கிரமே முடிவாகிவிட்டது. எங்கே கணக்குத் தொடங்குவது என்பதில்தான் பேச்சு நீண்டது. பெரியப்பா முதல் எதிர் வீட்டு சார் வரை எல்லோரும் சொன்னது தபால் ஆபீஸ். இதே திட்டத்தை எஸ்பிஐ, இந்தியன் வங்கி, ஐஓபி, கனரா மாதிரியான பேங்குகளிலும் தொடங்கலாம் என்பது பலருக்குத் தெரியவே இல்லை. நாங்கள் இரண்டு இடத்திலும் விசாரித்துவிட்டு, அப்பாவின் பென்ஷன் விழுகிற பேங்கிலேயே தொடங்கினோம். எனக்கு அதுதான் சரியென்று படுகிறது.

வட்டியில் ஒரு பைசா வித்தியாசம் கிடையாது. வட்டி விகிதத்தை மத்திய நிதி அமைச்சகம் அறிவிக்கிறது. 2023 ஏப்ரலில் அது 8.2 சதவீதம் ஆனது. அப்பா போட்டதும் அந்த விகிதத்தில்தான். தொடங்கும்போது என்ன விகிதமோ அதுவே 5 வருடத்துக்கும். ஒருவர் அதிகபட்சம் 30 லட்சம் வரை போடலாம். எங்கே தொடங்கினாலும் இதெல்லாம் ஒன்றுதான்.

பாதுகாப்பு விஷயத்தில் மட்டும் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பெரியப்பாவின் பயமே அதுதான். பேங்க் திவாலானால் 5 லட்சம்தானே காப்பீடு, மீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் 2020-இல் 1 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்தப்பட்ட அந்த வரம்பு, பேங்கின் சொந்த டெபாசிட்டுகளுக்கானது. இந்தத் திட்டத்தில் போடுகிற பணம் பேங்க் கவுண்டர் வழியாகப் போனாலும் மத்திய அரசின் கணக்குக்குத்தான் போகிறது. திருப்பித் தர வேண்டியதும் அரசுதான்.

அப்படியானால் வேறுபாடு எங்கே? வட்டி எந்தக் கணக்கில் வந்து விழுகிறது, அங்கிருந்து அது எப்படி வீட்டுச் செலவுக்கு வருகிறது என்பதில். இதை யாரும் முதலில் யோசிப்பதில்லை. ஏப்ரல், ஜூலை, அக்டோபர், ஜனவரி மாதத் தொடக்கத்தில் வட்டி கொடுப்பார்கள். 20 லட்சம் போட்டிருந்தால் ஒவ்வொரு முறையும் 41,000 ரூபாய். இந்த வட்டியை எடுக்காமல் விட்டால் அதற்கு மேல் வட்டி கிடையாது. ஆகவே அது தானாகச் சேமிப்புக் கணக்குக்குப் போகும்படி செய்ய வேண்டும். தபால் ஆபீஸ் என்றால் அங்கேயே ஒரு சேமிப்புக் கணக்கு தொடங்கி அதில் விழச் செய்வதுதான் வழக்கம். அங்கிருந்து பணம் எடுக்க ஏடிஎம் கார்டு உண்டு, இணைய வசதி உண்டு. 2022 முதல் நெஃப்ட் வழியாகப் பேங்குக்கும் அனுப்பலாம். வழி இருக்கிறது. ஆனால் எழுபதை நெருங்கும்போது இன்னொரு கார்டு, இன்னொரு பாஸ்வேர்டு, இன்னொரு பாஸ்புக் என்பதெல்லாம் சின்ன விஷயமில்லை. கடைசியில் படிவம் எழுதிக் கவுண்டரில் நிற்பதுதான் நடக்கும். பெரியப்பா இன்றுவரை அப்படித்தான் வாங்குகிறார், முழங்கால் வலியோடு.

அப்பாவுக்கு வட்டி நேராக பென்ஷன் கணக்கில் விழுகிறது. பேங்க் வாசலில் இருக்கும் இயந்திரத்தில் பாஸ்புக்கைச் செருகினால் பென்ஷன் வரவுக்கு அடுத்தே வட்டி வரவும் அச்சாகி வருகிறது. இரண்டு வரியையும் பென்சிலால் டிக் அடித்துவிட்டு அம்மாவிடம் காட்டுவார். கரண்ட் பில், கேஸ், மருந்துக் கடை எல்லாம் அந்த ஒரே கணக்கிலிருந்துதான். வெளியூரில் இருக்கும் நானும் அவர் சொன்னால் ஆப்பில் பார்த்துச் சொல்ல முடிகிறது. 5 வருடத்துக்கு, விருப்பப்பட்டால் நீட்டித்து 8 வருடத்துக்கு, இந்தக் கணக்கோடு வாழப்போவது அவர். அதனால் இந்த ஒரு காரணமே எனக்குப் போதுமானதாக இருந்தது.

வரிப் பிடித்தமும் இதை ஒட்டியதுதான். மூத்த குடிமக்களுக்கு வருட வட்டி 1 லட்சத்தைத் தாண்டினால் டிடிஎஸ் பிடிப்பார்கள்; 2025 ஏப்ரல் முதல் இந்த வரம்பு. 12 லட்சம் போட்டால் வட்டி 98,400, தாண்டாது. அதற்கு மேல் போட்டு, மொத்த வருமானத்துக்கு வரியும் வராது என்றால், 15எச் என்று நாம் சொல்லிப் பழகிய உறுதிமொழிப் படிவத்தை ஒவ்வொரு நிதியாண்டும் கொடுக்க வேண்டும். டெபாசிட் எத்தனை இடத்தில் இருக்கிறதோ அத்தனை இடத்திலும். எல்லாம் ஒரே பேங்கில் இருந்தால் ஏப்ரலில் ஒரு நடையோடு போயிற்று.

தபால் ஆபீஸ் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. அங்கே கவுண்டரில் இருப்பவருக்கு இந்தத் திட்டம் தண்ணி பட்ட பாடு. பேங்கில் அப்படியில்லை. நாங்கள் முதலில் போன ஒரு கிளையில், "எஃப்டி போட்டுடுங்க சார், அதுவும் சீனியர் சிட்டிசன் ரேட்தான்" என்று சொல்லி, கூடவே ஒரு இன்சூரன்ஸ் திட்டத்தின் தாளை நீட்டினார்கள். எனக்கு உண்மையிலேயே கோபம் வந்தது. ஓய்வுப் பணத்தோடு வருகிறவரிடம் கேட்டதைக் கொடுப்பதுதானே முறை? அடுத்த கிளையில் பிரச்சினை இல்லை. அப்புறம், சேமிப்புக் கணக்கில் தூங்கும் பணத்துக்குத் தபால் ஆபீஸ் 4 சதவீதம் தருகிறது. பெரிய பேங்குகள் பலவற்றில் அதைவிடக் குறைவு.

வீட்டுக்கு வரும் தபால் ஏஜெண்டை நம்பி முடிவு செய்யாதீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் திட்டத்துக்கு 2011 டிசம்பரிலிருந்து ஏஜெண்ட் கமிஷன் கிடையாது. அவர் மாத வருமானத் திட்டத்தைச் சிபாரிசு செய்தால் அதையும் மனதில் வைத்துக் கேளுங்கள்.

இடையில் பணம் தேவைப்பட்டு மூடுவது பற்றி என் அனுபவத்திலிருந்து சொல்ல ஒன்றுமில்லை, எங்களுக்கு அந்தத் தேவை வரவில்லை. விதிப்படி ஒரு வருடத்துக்குள் மூடினால் வட்டியே கிடையாது, கொடுத்ததையும் அசலில் கழித்துக்கொள்வார்கள். இரண்டாம் வருடத்தில் மூடினால் அசலில் 1.5 சதவீதமும், இரண்டு வருடம் கழித்து மூடினால் 1 சதவீதமும் பிடிப்பார்கள். கவுண்டரில் அது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்பதை அனுபவப்பட்டவர்கள்தான் சொல்ல வேண்டும்.

எங்கே தொடங்கினாலும் அம்மாவையும் கூட்டுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள். இதில் கணவன் மனைவி மட்டும்தான் கூட்டாகச் சேர முடியும். மனைவி கூட்டாகவோ ஒரே நாமினியாகவோ இருந்தால், அவருக்குத் தகுதி இருக்கும் பட்சத்தில், கணவர் காலத்துக்குப் பிறகும் கணக்கை அதே வட்டியில் தொடரலாம். இல்லையென்றால் இறந்த தேதியிலிருந்து சாதாரண சேமிப்புக் கணக்கு வட்டிதான். படிவத்தில் அந்த இடத்தைக் காலியாக விட்டுவிட்டு வரக்கூடாது.

சித்தப்பா கேட்டபோது மட்டும் தபால் ஆபீஸையே சொன்னேன். அவர் ஊரில் பேங்க் கிடையாது, பஸ் பிடித்துப் போக வேண்டும். துணை அஞ்சலகம் தெருக்கோடியில் இருக்கிறது. பின்னால் மகன் வீட்டோடு போய்விட்டாலும் கணக்கை அங்கிருந்து பேங்குக்கு மாற்றிக்கொள்ள விதியில் இடமுண்டு.