ரங்கூன் டூ மோல்மேன் ரயிலு: பதினஞ்சு வருச ஆட்டம்

ஊர்ல இருந்து சொந்தக்காரங்க யாரு வந்தாலும் மோல்மேனுக்கு ரயில்ல கூட்டிட்டுப் போறது என் தலையில விழுந்த வேலை, எத்தனை தடவை போயிருக்கேன்னு எண்ணல, பதினஞ்சு வருசமா நடக்குது. இப்ப மௌலமைன்னு சொல்றாங்க, நம்ம வீட்டுப் பெருசுங்களுக்கு அது மோல்மேன்தான்.

முதல்லயே சொல்லிடறேன், ஸ்பீடை மறந்துடுங்க. முன்னூறு கிலோமீட்டருக்குப் பக்கம், அதுக்கு ஒம்பது பத்து மணி நேரம். அத்தை பையனோட மகன் ஒருத்தன் வந்திருந்தான், வந்தே பாரத்ல சென்னைல ஏறி ஆறு மணி நேரத்துக்குள்ள கோயம்புத்தூர்ல இறங்கற பய. பகோ தாண்டினதும் போனை எடுத்து ஜிபிஎஸ்ல பாத்துட்டு "மாமா, நம்மளை சைக்கிள்காரன் முந்திட்டான்"னான். முந்தினது நெசம்தான், நானும் பாத்தேன்.

ஸ்பீடு கூட பரவாயில்ல, ஆட்டம் இருக்கே, அது வேற லெவல். மீட்டர் கேஜ், பழைய தண்டவாளம், பெட்டி பக்கவாட்டுல ஆடறதோட நிக்காது, மேலயும் கீழயும் குதிக்கும், ஒரு இடத்துல சீட்டுக்கும் நமக்கும் நடுவுல நாலு விரல் இடைவெளி வந்து போகும். டீயை முழு கிளாஸ் வாங்கினா பாதி வேட்டிக்குத்தான், அதனால பாதி கிளாஸே வாங்குங்க. ஜன்னலுக்கு வெளிய கையை நீட்டவே கூடாது, செடி கொடியெல்லாம் லைனை ஒட்டி வளந்து கிடக்கு, கிளை உள்ள வந்து சடார்னு அடிக்கும், ஒரு தடவை இலையும் பூச்சியுமா என் புளிசாதத்துலயே வந்து விழுந்துச்சு.

ஆர்டினரின்னா மரப் பெஞ்சு, அப்பர் கிளாஸ்னா சாயற சீட்டு, சாஞ்சது திரும்ப நிமிருமாங்கறது உங்க அதிர்ஷ்டம். வயசானவங்க கூட இருந்தா அப்பர்தான். தனியா போனா நான் ஆர்டினரில ஏறிடுவேன், அங்கதான் பேச்சுத் துணை. தனக்கா (மூஞ்சில பூசற மரப்பட்டை சாந்து) பூசின பொம்பளைங்க தலையில தட்டோட வந்து அவிச்ச காடை முட்டை, சோளம், வெத்தலைன்னு வித்துட்டே இருப்பாங்க, பசின்னு ஒரு தடவை கூட உக்காந்தது இல்ல.

டிக்கெட் கதை ஒண்ணு. அத்தை பொறந்தது மோல்மேன்ல, 1954ல. ரங்கூன் ஸ்டேஷன் இப்ப இருக்கற கட்டடமும் அதே வருசம்தான், அதைச் சொன்னா "அப்ப நாங்க ரெண்டு பேரும் ஒரே வயசு, அது நல்லா நிக்குது, எனக்குத்தான் முட்டி போச்சு"ம்பாங்க. 64ல குடும்பத்தோட கப்பலேறி மெட்ராஸ், அப்புறம் வியாசர்பாடி. 2012ல திரும்பி வந்தப்ப கவுண்டர்ல பாஸ்போர்ட்டை பாத்துட்டு வெளிநாட்டுக்காரங்க ரேட்டு, டாலர்லதான் கட்டணும். அந்தக் காலத்துல மடிப்பு விழுந்த டாலரை இங்க யாருமே தொட மாட்டாங்க, நான் புத்தகத்துக்குள்ள வச்சு எடுத்துட்டுப் போன நோட்டைக் கொடுத்தேன். அத்தை பர்மா பாஷைலயே "நான் இந்த ஊருப் பொண்ணு"ன்னாங்க, கவுண்டர்காரரும் சிரிச்சுட்டே டாலரை எண்ணினாரு. 2014 ஏப்ரல்ல அந்த டாலர் ரேட்டை எடுத்துட்டாங்க, எல்லாருக்கும் பர்மா காசு சாட்டுலயே ஒரே விலை. அதுக்கடுத்து வந்தப்ப அத்தை மிச்சம் வந்த சில்லறையை எனக்கே கொடுத்துட்டாங்க, சந்தோசத்துல. பாஸ்போர்ட் மட்டும் அப்பவும் காட்டணும், மறந்து ஹோட்டல்ல வச்சுட்டு வந்துடாதீங்க.

இத்தனை ஆட்டத்தையும் பொறுத்துக்கறது கடைசி அரை மணி நேரத்துக்காக. தாத்தோன் தாண்டி மொட்டமா வரும், அதான் மார்த்தபான். முன்னெல்லாம் ரயிலு அங்கயே நின்னுடும், மூட்டையைத் தூக்கிட்டு போட்டுல ஏறி தான்லுவின் ஆத்தைத் தாண்டணும். பாலம் 2005ல திறந்தாங்க, மூணு கிலோமீட்டருக்கு மேல, 2008ல இருந்து ரயிலும் அது மேல போகுது. பாலத்துல ஏறினதும் ஆட்டம் குறைஞ்சு சத்தம் மாறும், ஆறு கடல் மாதிரி விரிஞ்சு கிடக்கும். அத்தை கண்ணாடியைத் துடைச்சு துடைச்சு கீழ பாத்துட்டே வந்தாங்க, என்ன தேடறீங்கன்னு கேட்டா "போட்டு நிக்கற துறை, எங்கப்பா என்னைத் தோள்ல வச்சு இறக்கின இடம்"னாங்க. எனக்கும் எதுன்னு தெரியல, ஏதோ ஒரு கரையைக் காட்டிட்டேன்.

ரெண்டு நாள் எக்ஸ்ட்ரா இருந்தா தெக்க தன்பியூஸயாத் வரைக்கும் போங்க. ஜப்பான்காரன் போட்ட சயாம் மரண ரயில் பாதையோட இந்தப் பக்க முனை அது. சிப்பாய்ங்களுக்கு வரிசையா கல்லறை, புல்லெல்லாம் வெட்டி அழகா வச்சிருக்காங்க. மலாயாவுல இருந்து இழுத்துட்டு வந்த நம்ம கூலி ஜனம் எத்தனை பேரு அந்தப் பாதையில செத்தாங்க, அந்த வரிசைல அவங்களுக்கு இடம் இல்ல.

டைம் டேபிளை நெட்டுல பாத்து நம்பாதீங்க, முந்தின நாள் ஸ்டேஷன்லயே நேரா கேட்டுக்கங்க, இப்பல்லாம் அடிக்கடி மாறுது. திரும்பி வர்றதுக்கு நாங்க பஸ்ஸுதான், அத்தை இடுப்பு ரெண்டாவது தடவைக்கு ஒத்துக்கல.