கழுத்து ரத்தக்குழாய் அடைப்பு: டாப்ளர் போதுமா, சி.டி. ஆஞ்சியோ வேண்டுமா?

ஒரு பக்கக் கை சில நிமிடம் மரத்து, வாய் குழறி, தானாகவே சரியாகிவிட்டாலும் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துக் குழாயில் அடைப்பு இருந்தாலும் இப்படி வரலாம். அதனால் அங்கே எழுதித் தரும் பரிசோதனைகளில் கரோட்டிட் டாப்ளரும், அதாவது அந்தக் குழாய்களை ஒலி அலையால் பார்க்கும் ஸ்கேனும், அநேகமாக இருக்கும்.

டாப்ளருக்கு வெறும் வயிறு தேவையில்லை, ஊசி இல்லை, கதிர்வீச்சும் இல்லை. சங்கிலியைக் கழற்றிவிட்டு, கழுத்து இறுக்காத சட்டையோடு போனால் போதும். மல்லாக்கப் படுக்க வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பச் சொல்லி, ஜில்லென்ற ஜெல்லைத் தடவி, காறை எலும்பிலிருந்து தாடை வரை கருவியை நகர்த்துவார்கள். நடுநடுவே 'உஷ்... உஷ்...' என்று கேட்பது உங்கள் ரத்த ஓட்டத்தின் சத்தம்தான். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

குழாய் குறுகிய இடத்தில் ரத்தம் வேகமெடுக்கும். அந்த வேகத்தை வைத்துத்தான் அடைப்பைக் கணிக்கிறார்கள். விநாடிக்கு 125 செ.மீ.க்குக் கீழ் என்றால் பொதுவாக அடைப்பு 50 சதவீதத்துக்கும் குறைவு. 230-ஐத் தாண்டினால் 70 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கலாம். வேடிக்கை என்னவென்றால், கிட்டத்தட்ட முழுக்க அடைத்துப்போன குழாயில் வேகம் குறைந்தே காட்டும். அனுபவமில்லாத கை இங்கேதான் ஏமாறும். சுண்ணாம்பு படிந்த இடம் நிழலடித்து, பின்னால் இருப்பதை மறைத்துவிடும். மண்டைக்குள் போகும் பகுதியும் இதில் தெரியாது.

அந்தக் குறைகளில் பெரும்பாலானவற்றை சி.டி. ஆஞ்சியோ தீர்க்கிறது: நெஞ்சிலிருந்து மூளை வரை மொத்தப் பாதையும் படமாக வந்துவிடும். ஆனால் கையில் சாய ஊசி போடுவார்கள். போட்டதும் உடம்பெல்லாம் சூடு பரவி, சிறுநீர் போய்விட்டதோ என்றுகூடத் தோன்றும், பயப்பட வேண்டாம். கதிர்வீச்சு உண்டு. கிட்னி கோளாறு இருந்தால் முதலில் கிரியாட்டினின் (கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்ப்பார்கள்.

எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் எம்.ஆர். ஆஞ்சியோவைச் சாயமில்லாமலும் எடுக்கலாம். சத்தமும் நேரமும் அதிகம். அடைப்பைச் சற்றுக் கூட்டிக் காட்டும் பழக்கமும் உண்டு.

என்னைக் கேட்டால் முதலில் டாப்ளர். ஆபரேஷன், ஸ்டென்ட் என்று பேச்சு வந்தால் சி.டி.யோ எம்.ஆரோ பார்க்காமல் தலையாட்டாதீர்கள். ஸ்ட்ரோக் வந்து அவசரமாகப் போனால் நேரே சி.டி.தான், முதலில் டாப்ளர் என்ற வரிசையெல்லாம் கிடையாது. எந்த அறிகுறியும் இல்லாதவருக்கு மாஸ்டர் செக்-அப் பேக்கேஜில் டாப்ளரைச் சேர்த்துவிடுவது எனக்கு உடன்பாடில்லை. அமெரிக்கத் தடுப்பு மருத்துவப் பணிக்குழுவும் 2021-ல் அதை வேண்டாம் என்றே மறுபடி சொன்னது.

அடைப்பு ஏற்கெனவே தெரிந்தவர்கள் அடுத்த டாப்ளருக்கும் முடிந்தால் அதே சென்டருக்கே போங்கள், பழைய ரிப்போர்ட்டோடு.