மூன்று மார்கழிகளும் ஒரு மயில்கழுத்து நிறமும்

தருமபுரியில் இருக்கும் என் கல்லூரித் தோழி சென்ற வாரம் ஒரு படத்தை அனுப்பி, "குளிர்காலத்தில் நீ போடுவது இதைத்தானே? விலையை இறக்கியிருக்கிறார்கள், வாங்கட்டுமா?" என்று கேட்டாள். கண்ணிமையில் பூசும் ஒன்பது நிறப்பொடிகள் கொண்ட ஐஷேடோ பேலட் அது. 2022 டிசம்பரில் நான் 1,450 ரூபாய் கொடுத்து வாங்கியது இப்போது 900 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அவளுக்கு ஒரு வரியில் பதில் அனுப்ப என்னால் முடியவில்லை. மூன்று குளிர்காலங்கள் ஓசூரில் இதைப் பூசிக்கொண்டு வேலைக்குப் போய்வந்த அனுபவத்தை முழுமையாகச் சொன்னால்தான் அந்தக் கேள்விக்கு நியாயம் செய்ததாகும்.

பெட்டியின் அமைப்பு, கண்ணாடி, உடன் வரும் பிரஷ் ஆகியவற்றைப் படத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஒன்பதில் நான்கு பளபளப்பில்லாத பழுப்பு வகைகள்; அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. செம்பு, ரோஜா, கத்தரிப்பூ ஊதா, வெளிர்பொன் ஆகிய நான்கும் மினுங்கும், அவ்வளவுதான். நான் எழுத விரும்புவது கீழ்வரிசையின் ஓரத்தில் இருக்கும் ஒன்பதாவது நிறத்தைப் பற்றி மட்டுமே. நிறுவனம் அதற்கு வேறு ஏதோ பெயர் வைத்திருக்கிறது. நம் வீட்டில் யார் பார்த்தாலும் மயில்கழுத்து என்றுதான் சொல்வார்கள்.

மயில்கழுத்துப் பட்டில் பாவு ஒரு நிறமாகவும் ஊடை வேறு நிறமாகவும் இருப்பதால், புடவை அசையும்போது நீலமும் பச்சையும் மாறிமாறித் தெரிகின்றன. இந்தப் பொடியில் நூல் இல்லை. மைக்கா எனும் அபிரகத்தின் மெல்லிய செதில்களின்மீது டைட்டானியம் டை ஆக்சைடு பூசப்பட்டிருக்கிறது. அந்தப் பூச்சின் கனம் சற்றே கூடக்கூட, வெள்ளியாகத் தெரிந்தது பொன்னாகவும், சிவப்பாகவும், நீலமாகவும், பச்சையாகவும் மாறுகிறது. அதாவது இங்கே நிறம் சாயத்தால் வருவதன்று, ஒளி பிரதிபலிக்கும் விதத்தால் வருவது. இதில் எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி ஒன்று கிடைத்தது. இவ்வகைப் பொடிகள் வெளுத்த பரப்பில் மங்கலான வெண்மையாகவே தோன்றும். அடியில் கருமை இருந்தால்தான் அந்த நிறம் எழுந்து நிற்கும். விளம்பரத்தில் வெள்ளைத் தோலில் சாம்பல் பூத்ததுபோல் இருந்த அதே நிறம், என் மாநிற இமையில், அதுவும் கண் மையைச் சற்றுத் தேய்த்து அதன்மேல் வைத்தபோது, உண்மையிலேயே மயிலின் கழுத்தாக இருந்தது. "உன் நிறத்துக்கு இதெல்லாம் எடுபடாது" என்று சிறுவயதிலிருந்து கேட்டுவந்தவள் நான். அன்று காலை கண்ணாடியின் முன் வெகுநேரம் நின்றேன்.

குளிர்காலத்தில் மட்டும் ஏன் என்று தோன்றலாம். ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் ஏப்ரலில் பதினொரு மணிக்கெல்லாம் வியர்வை இமை மடிப்பில் கோடுகோடாகச் சேர்ந்து நிறத்தைத் தின்றுவிடும். மார்கழியிலோ காலை ஏழே முக்காலுக்குப் பூசியது மாலை ஆறு வரை வைத்த இடத்திலேயே இருக்கிறது. அந்நாட்களில் வெயில் ஏறும் வரை சாலை, மரம், சுவர் எல்லாமே பனியில் சாம்பல் பூத்துக் கிடக்கும்; எல்லோரும் ஸ்வெட்டரும் மப்ளருமாகப் போர்த்திக்கொண்டு, முகத்தில் கண்கள் மட்டுமே தெரிய நடமாடுவார்கள். அப்படிப்பட்ட காலையில் ஒரு துளி நீலப்பச்சை இருப்பது எனக்குத் தெம்பு தருகிறது. மார்கழியில் நம் பக்கம் கல்யாணம் வைப்பதில்லை என்பதால், இது எந்த விசேஷத்துக்காகவும் செய்துகொள்ளும் அலங்காரம் அன்று. எனக்காக மட்டுமே செய்துகொள்வது.

இனி என் கோபத்துக்கு வருகிறேன். இந்தப் பொடி உதிர்கிறது. கோடையில் உதிராதது குளிரில் உதிர்கிறது என்பதுதான் என்னை வாட்டுகிறது. வெந்நீர்க் குளியலும் வாடைக்காற்றும் சருமத்தின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிடுவதால், செதில்கள் பற்றிக்கொள்ள இமையில் ஒன்றும் இருப்பதில்லை. உதிர்ந்தவை கண்ணுக்குக் கீழே வறண்டு வெள்ளை பூத்த இடங்களில் போய் உட்கார்ந்துகொள்கின்றன. மினுங்கும் துகள் எதன்மேல் அமர்கிறதோ அதை எடுத்துக்காட்டும் இயல்புடையது. எனவே மறைக்க வேண்டிய தோலுரிச்சல்தான் எல்லோர் கண்ணிலும் முதலில் படுகிறது. முதல் குளிர்காலத்தில் ஸ்கூட்டியில் போகும்போது எதிர்க்காற்றில் கண்ணீர் வர, அதோடு துகளும் கண்ணுக்குள் போய், அலுவலகம் சேர்ந்ததும் அரைமணி நேரம் கழுவினேன். கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்கள் இதை இலேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாம் ஆண்டிலிருந்து நான் கடைப்பிடிக்கும் முறையைச் சொல்கிறேன். முகத்துக்கு மாய்ஸ்சரைசர் தடவிப் பத்து நிமிடம் விட்டுவிட்டு, பவுண்டேஷன் போடுவதற்கு முன்பே கண்ணை முடித்துவிட வேண்டும். அப்போதுதான் கீழே விழுந்ததை ஈரப்பஞ்சால் துடைத்தெடுக்க முடியும். பிரஷ்ஷை இழுக்கவே கூடாது. மோதிர விரல் நுனியைச் சற்றுத் தேய்த்துச் சூடாக்கி, பொடியைத் தொட்டு, இமையில் ஒற்றியொற்றி வைக்க வேண்டும். இமையில் முதலில் ஐ பிரைமர், அதாவது நிறம் பற்றிக்கொள்ள அடியில் தடவும் பூச்சு, மெல்லிதாக இருப்பது கட்டாயம். அதற்குப் பதிலாகத் தேங்காய் எண்ணெயைப் பூசிப் பார்த்தேன். காலையில் 24 டிகிரிக்குக் கீழே உறைந்து கிடந்த எண்ணெய், இமையின் சூட்டில் உருகி நிறத்தையும் இழுத்துக்கொண்டு வழிந்தது. ஆனால் இரவில் கலைப்பதற்கு அதைவிட நல்லதை நான் காணவில்லை: உள்ளங்கையில் உருக்கி, பஞ்சில் தொட்டு, மூடிய இமைமேல் அரை நிமிடம் வைத்திருந்தால் தேய்க்காமலே வந்துவிடும். பளபளப்பு போதவில்லை என்று எழுதுபொருள் கடையில் விற்கும் கைவேலைக் கிளிட்டரை மட்டும் யாரும் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள். அது பிளாஸ்டிக் படலத்தை வெட்டிய துண்டு, கருவிழியைக் கீறிவிடும்.

இவ்வளவு பாடும் பட்ட பிறகும் உதிர்வது பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. என்னிடம் 1,450 ரூபாய் வாங்கிக்கொண்ட நிறுவனத்தார் பொடியைச் சரியாகப் பிணைத்துக் கொடுத்திருக்க வேண்டும் என்று நான் இன்னமும் நினைக்கிறேன். பெட்டியின் பின்புறம் சிஐ 77019 (மைக்காவைக் குறிக்கும் நிறப்பொருள் எண்) என்று பொடி எழுத்தில் அச்சிட்டவர்கள், அது எங்கிருந்து வருகிறது என்று ஒரு சொல்லும் எழுதவில்லை. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் சிறுவர்கள் அபிரகம் பொறுக்கும் நிலை பலமுறை வெளிவந்திருக்கும்போது, வாங்குகிறவளுக்கு அந்த விவரம் தேவை. செயற்கை மைக்காவைப் பயன்படுத்துகிற தயாரிப்புகளும் இருக்கின்றன.

தோழியின் ஊரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். போன தை மாதம் அவள் வீட்டுக் கல்யாணத்துக்கு, விடியற்காலை ஐந்து மணிக்கு இதைப் பூசிக்கொண்டு பஸ் ஏறினேன். சூளகிரி தாண்டி மேலுமலை இறக்கம் வரை ஒரு துகள் கலையவில்லை. கிருஷ்ணகிரியில் ஸ்வெட்டரைக் கழற்றினேன். தருமபுரி மண்டபத்தில் பகல் பந்தியில் உட்காரும்போது இமை மடிப்பில் கோடு விழுந்துவிட்டது. ஓசூரின் உயரத்தில் ஏறக்குறைய பாதிதான் தருமபுரி. அங்கே உதிரும் தொல்லை குறைவாகவும் மடிப்பில் சேரும் தொல்லை கூடுதலாகவும் இருக்கும்.

ஆகவே அவளுக்கு வேண்டாம் என்றே எழுதியனுப்பினேன். ஒன்பது நிறத்துக்குக் காசு கொடுத்து ஒன்றை மட்டும் பயன்படுத்துவது, அதுவும் கண்ணில் உதிர்வதை, 900 ரூபாய்க்கும் தகாது. என் பெட்டியில் மயில்கழுத்துக் குழியில் தகரம் தெரிகிறது, மற்ற எட்டும் ஏறத்தாழ வாங்கியபடியே இருக்கின்றன. திறந்த 24 மாதங்களுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற குறியின் கெடுவும் கடந்துவிட்டது. கார்த்திகை தீபம் முடிந்து காலையில் பனி இறங்கத் தொடங்கிவிட்டது. நேற்று இரவு எனக்கு ஒன்று ஆர்டர் செய்துவிட்டேன்.