மூட்டு தேய்ந்த நாய்க்குச் சிறப்பு உணவா, மீன் எண்ணெயா, குளுக்கோசமினா?

படுத்த இடத்திலிருந்து எழும்போது பின்னங்கால்களை ஊன்றத் தடுமாறும் நாயைப் பரிசோதித்து, மூட்டுத் தேய்மானம் என்று கால்நடை மருத்துவர் சொன்னதும், வளர்ப்பவர்கள் முதலில் வாங்கி வருவது பெரும்பாலும் குருத்தெலும்பில் இயல்பாகவே உள்ள பொருளான குளுக்கோசமின் மாத்திரையைத்தான். இதுவரை வெளிவந்துள்ள ஆய்வுகளை அருகருகே வைத்துப் பார்த்தால், அது வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியது என்றே எனக்குத் தோன்றுகிறது. முதலிடத்தில் கடையில் வாங்கும் பொருள் எதுவும் இல்லை. தட்டில் விழும் உணவின் அளவுதான் இருக்கிறது.

2002இல் வெளியான ஓர் ஆய்வில் 48 லாப்ரடார் குட்டிகளை இணை இணையாகப் பிரித்து, ஒவ்வோர் இணையிலும் ஒரு குட்டிக்கு மற்றதைவிட 25 விழுக்காடு குறைவாக உணவளித்து, ஆயுள் முழுவதும் கவனித்தனர். குறைவாக உண்டவற்றின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டுகள், மற்றவற்றுக்கு 11.2 ஆண்டுகள். மூட்டுத் தேய்மானமும் முதல் கூட்டத்தில் பல ஆண்டுகள் தள்ளியே தலைகாட்டியது. (இதை நடத்தியது ஒரு நாய் உணவு நிறுவனம் என்பது சுவையான முரண்.) ஏற்கெனவே நொண்டத் தொடங்கிவிட்ட பருமனான நாய்களிலும், உடல் எடையில் சுமார் 6 விழுக்காடு குறைந்த கட்டத்திலேயே நடை தேறத் தொடங்கியதாக 2010இல் வெளியான மற்றோர் ஆய்வு காட்டியது. 30 கிலோ நாய்க்கு அது 2 கிலோகூட இல்லை. கொழுப்புத் திசு மூட்டின்மேல் சுமையை ஏற்றுவதோடு, அழற்சியைத் தூண்டும் பொருள்களையும் சுரக்கிறது என்பதால், எடை குறையும்போது இரண்டு வழியிலும் பலன் கிடைக்கிறது. விலா எலும்புகள் அழுத்தாமலேயே விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். மேலிருந்து பார்த்தால் இடை ஒடுங்கித் தெரிய வேண்டும். நாய் இந்த நிலைக்கு வருமுன் மற்றவற்றில் பணத்தைக் கொட்டுவது ஓட்டைப் பானையில் நீர் ஊற்றுவதைப் போன்றது. உணவை ஒரேயடியாகப் பாதியாகக் குறைத்தால் புரதமும் தாதுச்சத்துகளும் சேர்ந்து குறைந்து, மூட்டைத் தாங்கும் தசை கரையும் என்பதால், நிறைய குறைக்க வேண்டியிருந்தால் கலோரி குறைந்த, புரதம் மிகுந்த எடைக்குறைப்பு உணவுக்கு மாறுவதே முறை.

எடை சரியான பிறகுதான் உண்மையான போட்டி தொடங்குகிறது. அது மூட்டுக்கென்றே தயாரிக்கப்படும் சிறப்பு உணவுக்கும், வழக்கமான உணவோடு தனியாகச் சேர்க்கும் மீன் எண்ணெய்க்கும் இடையிலானது. இரண்டிலும் வேலை செய்வது ஒமேகா-3 கொழுப்பு அமிலங்களான இ.பி.ஏ.வும் டி.எச்.ஏ.வும்தான். இவை செறிந்த உணவை 12 வாரம் உண்ட நாய்களுக்குக் கார்ப்ரோஃபென் என்னும் வலிமருந்தின் அளவை மற்ற நாய்களைவிடக் கூடுதலாகக் குறைக்க முடிந்தது என்று 2010இல் வெளியான ஒரு சோதனை கூறுகிறது. அதில் உணவு தயாரிப்பாளரின் பங்கு இருந்ததை மறக்கக் கூடாது. ஆனாலும் 2022இல் பல ஆய்வுகளை ஒருங்கே தொகுத்து அலசிய கட்டுரையும் ஒமேகா-3க்கு ஆதரவாகவே முடிந்தது.

மீன் எண்ணெய் வாங்குபவர் பெரும்பாலும் சறுக்குவது அளவில்தான். மூட்டுத் தேய்மானத்துக்குப் பரிந்துரைக்கப்படும் உச்ச அளவை வைத்துக் கணக்கிட்டால், 10 கிலோ நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 1,740 மில்லிகிராம், 30 கிலோ நாய்க்குச் சுமார் 3,970 மில்லிகிராம் வருகிறது. இது அவ்விரு அமிலங்களின் கூட்டளவே தவிர எண்ணெயின் எடை அன்று. சாதாரணமான 1,000 மில்லிகிராம் மாத்திரையில் அவை இரண்டும் சேர்ந்து 300 மில்லிகிராம் மட்டுமே இருக்கும். ஆகவே பெரிய நாய்க்குத் தினமும் 13 மாத்திரை தேவைப்படும். அதோடு ஏறத்தாழ 120 கலோரியும் உள்ளே போகும். தினம் ஒரு மாத்திரை கொடுத்துவிட்டுப் பயனில்லை என்று சலித்துக்கொள்பவர்கள் உண்மையில் அதைச் சோதித்துப் பார்த்தவர்கள் அல்லர். செறிவூட்டப்பட்ட எண்ணெய் இந்தச் சிக்கலைத் தணிக்கும். காட் மீனின் ஈரல் எண்ணெயை இந்த அளவுக்கு ஏற்றினால் வைட்டமின் ஏ-யும் டி-யும் நஞ்சாகும் அளவை எட்டக்கூடும் என்பதால் அதைத் தவிர்ப்பது நல்லது.

சிறப்பு உணவில் இந்தக் கணக்கு முன்கூட்டியே போடப்பட்டிருக்கிறது. அந்த எண்ணெயின் கலோரியும் உணவின் கலோரிக்குள் அடங்கிவிடுகிறது. பெரிய நாய்க்கு அதையே நான் தேர்ந்தெடுப்பேன். சிறிய நாய்க்கும், ஒவ்வாமை போன்ற காரணத்தால் உணவை மாற்ற முடியாத நாய்க்கும் எண்ணெயே வசதி. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பாதுகாப்பு வரம்பு தாண்டிவிடக்கூடும்: வயிற்றுப்போக்கு வரலாம், இரத்தம் உறைவது தாமதப்படலாம். கணைய அழற்சி வந்த நாய்க்கோ, அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்த நாய்க்கோ மருத்துவரைக் கேட்காமல் எண்ணெயைத் தொடங்க வேண்டாம்.

இனி குளுக்கோசமினும், அதோடு சேர்த்தே பெரும்பாலும் விற்கப்படும் மற்றொரு குருத்தெலும்புப் பொருளான காண்ட்ராய்டினும். வாய்வழி கொடுத்த குளுக்கோசமினில் சுமார் 12 விழுக்காடும் காண்ட்ராய்டினில் சுமார் 5 விழுக்காடும் மட்டுமே நாயின் இரத்தத்தில் சேர்வதாக ஓர் ஆய்வு அளந்தது. 2007இல் வெளியான ஒரு சோதனை, 70 நாளுக்குப் பிறகு ஓரளவு முன்னேற்றத்தைக் கண்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆனால் மேற்சொன்ன 2022 தொகுப்பு, இவ்விரண்டையும் இனி வலிக்குப் பரிந்துரைக்கவே கூடாது என்று வெளிப்படையாக எழுதியது. பெரும்பாலும் கெடுதல் இல்லாத பொருள்கள்தாம். வலிநிவாரணத்தை மூன்று மாதம் தள்ளிப்போட வைப்பதுதான் அவற்றின் தீங்கு. மனிதருக்கான சர்க்கரையில்லாச் சப்பு மாத்திரைகளில் சைலிட்டால் என்னும் இனிப்பூட்டி இருந்தால் அது நாயின் உயிருக்கே ஆபத்து.

மற்றவற்றை விரைவாகக் கடக்கலாம். நியூசிலாந்தின் பச்சை உதட்டுச் சிப்பியிலும் ஒமேகா-3 உண்டு. ஆய்வு முடிவுகள் இரு பக்கமும் இருக்கின்றன. இயல்பு மாறாத இரண்டாம் வகைக் கொலாஜன் (குருத்தெலும்பில் உள்ள புரதம்) தினம் 40 மில்லிகிராம் போன்ற சிறிய அளவிலேயே கொடுக்கப்படுவது. சில நம்பிக்கையூட்டும் முடிவுகள் வந்துள்ளன, முயன்று பார்க்கலாம். மஞ்சளின் குர்குமின் குடலில் சரியாக உறிஞ்சப்படுவதில்லை. ஆளி விதை எண்ணெயின் ஒமேகா-3ஐ நாயின் உடல் இ.பி.ஏ.வாக மாற்றுவது மிகக் குறைவு. மீன் எண்ணெய்க்கு அது மாற்றாகாது.

எதைத் தொடங்கினாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் தொடங்கி, அதே படியில் அதே நேரத்தில் நாய் ஏறுவதைக் கைபேசியில் படமெடுத்து, 8 முதல் 12 வாரம் கழித்து மீண்டும் எடுத்து ஒப்பிட வேண்டும். வேறுபாடு தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். அதுவரை மருத்துவர் கொடுத்த வலிமருந்தை நிறுத்தக் கூடாது. மனிதருக்கான ஐபுபுரோஃபெனை அதற்குப் பதிலாக ஒருபோதும் கொடுக்கக் கூடாது.