நர்சிஸ்: லைசென்ஸ் சரிபார்ப்புக்கு அருமை, தனி பிராக்டிஸுக்குப் போதாது

அமெரிக்காவில் மாநிலம் மாறும் நர்ஸுகளில் பெரும்பாலோர், லைசென்ஸைச் சரிபார்க்கும் நர்சிஸ் இணையதளத்துக்கு வந்தே ஆகவேண்டும். மாநில நர்சிங் போர்டுகளின் தேசிய கவுன்சிலான என்சிஎஸ்பிஎன் இதை நடத்துகிறது. ஆர்என்களுக்கு (பதிவுபெற்ற நர்ஸுகளுக்கு) ஏறக்குறைய குறையே இல்லாத சேவை. நோயைக் கண்டறிந்து மருந்தும் எழுதும் நர்ஸ் பிராக்டிஷனருக்கு (என்பி) மட்டும் பாதி வழிதான் துணைக்கு வரும்.

லைசென்ஸைத் தேடிப் பார்க்கும் குவிக்கன்ஃபர்ம் இலவசம். லைசென்ஸ் விவரமும், நிலை என்ற இடத்தில் 'அன்என்கம்பர்டு' என்ற சொல்லும் வந்தால் அந்த லைசென்ஸ் மீது தடை எதுவும் இல்லை என்று பொருள். போர்டு தரும் தகவல் என்பதால் வேலை கொடுப்பவர்களும் ஏற்கிறார்கள். இனிஷியலும் அப்பா பெயரும் இடம் மாறிப் பதிவான தமிழர்கள் பெயரைப் போட்டுத் தேடாமல் லைசென்ஸ் எண்ணைப் போடுங்கள். இ-நோட்டிஃபையும் இலவசம்தான்; லைசென்ஸ் காலாவதியாகும் முன் நினைவூட்டும்.

புது மாநில போர்டுக்கு அனுப்பும் வெரிஃபிகேஷனுக்குத்தான் பணம். ஒரு லைசென்ஸ் வகைக்கு, ஒரு போர்டுக்கு 30 டாலர். ஆர்என், ஏபிஆர்என் (என்பி போன்ற உயர்நிலை நர்ஸுகளின் லைசென்ஸ்) இரண்டையும் ஒரே மாநிலத்துக்கு அனுப்பினால் 60. கட்டிய பணம் திரும்ப வராது, அனுப்பியது போர்டின் பார்வையில் 90 நாள்தான் இருக்கும். அதனால் முதலில் மாநில விண்ணப்பம், பிறகு வெரிஃபிகேஷன். ஆர்என்-ஐ மட்டும் அனுப்பிவிட்டு ஏபிஆர்என்-ஐ விட்டுவிட்டால் ஃபைல் அப்படியே நிற்கும். எல்லா போர்டுகளும் ஏபிஆர்என் சரிபார்ப்பை நர்சிஸ் வழியாகத் தருவதில்லை. எந்தெந்தப் போர்டுகள் தருகின்றன என்ற பட்டியலைப் பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

பல மாநிலங்களில் செல்லும் காம்பாக்ட் லைசென்ஸ் ஆர்என்களுக்கும், அவர்களுக்கு அடுத்த நிலை நர்ஸுகளான எல்பிஎன்களுக்கும் மட்டுமே. ஏபிஆர்என் காம்பாக்ட் 7 மாநிலங்கள் சட்டமாக்கினால்தான் உயிர்பெறும்.

நர்சிஸ் சொல்லாத பாதி இனிமேல்தான். லைசென்ஸ் சுத்தமாக இருப்பது வேறு, டாக்டர் ஒப்பந்தம் இல்லாமல் நோயாளியைப் பார்க்கும் உரிமை வேறு. அரிசோனாவில் தனியாக பிராக்டிஸ் செய்தவர் டெக்சாஸ் போனால், மருந்து எழுத ஒரு டாக்டருடன் எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் போட்டாக வேண்டும். டாக்டர் ஒப்பந்தம் இல்லாமல் பார்க்க, நியூயார்க்கில் 3,600 மணி நேர வேலை முடித்திருக்க வேண்டும். ஃபுளோரிடாவில் கடந்த 5 ஆண்டுகளுக்குள் 3,000 மணி நேரம். அதுவும் முக்கியமாக பிரைமரி கேர் என்ற அடிப்படை மருத்துவத்துக்குத்தான்.

கலிஃபோர்னியாவில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். ஏபி 890 என்ற மாநிலச் சட்டப்படி, டாக்டர் ஒப்பந்தம் தேவைப்படாத முதல் நிலையான '103 என்பி' ஆக 3 முழுநேர ஆண்டு அல்லது 4,600 மணி நேரம் வேண்டும். அது கலிஃபோர்னியாவிலேயே, விண்ணப்பத்துக்கு முந்தைய 5 ஆண்டுகளுக்குள், நேரடியாக நோயாளியைப் பார்த்த நேரமாக இருக்கவேண்டும். வெளிமாநிலத்தில் 15 ஆண்டு அனுபவம் இருந்தாலும் இந்தக் கணக்கில் சேராது. 103 ஆனாலும் டாக்டர் இருக்கும் குழு இடங்களில்தான் வேலை. சொந்த கிளினிக் திறக்க, மேலும் 3 ஆண்டு கழித்து '104 என்பி' ஆகவேண்டும். இந்த மணி நேரக் கணக்குக்கு டாக்டரோ, 103 அல்லது 104 என்பியோ சான்றுக் கையெழுத்து போடவேண்டும். வேலையை விடும் முன்பே வாங்கிவிடுங்கள். பிறகு அந்த டாக்டர் ஊர் மாறிவிட்டால் கையெழுத்துக்காக மாதக்கணக்கில் அலைய நேரிடும்.

கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட மருந்துகளை எழுதத் தேவையான மத்திய அரசின் டிஇஏ பதிவையும் அவசரப்பட்டு எடுக்காதீர்கள். 3 ஆண்டுக்கு 888 டாலர், மாநிலத்துக்கு ஒன்று. மாநிலத்தின் மருந்து எழுதும் அனுமதி கைக்கு வந்தபிறகே விண்ணப்பியுங்கள்.