ராத்திரி இரண்டு மணிக்கு யார் இருப்பார்கள்?

கணவருக்கு வேலை மாற்றம் வந்தபோது நான் 26 வாரக் கர்ப்பம். வீடு பார்த்தது, சாமான் கட்டியது, இறக்கியது எல்லாம் பத்து நாளில் முடிந்துவிட்டது. டாக்டர்தான் அமையவில்லை. புது இடத்தில் யாரையாவது சொல்லுங்கள் என்று பழைய டாக்டரிடம் கேட்டேன். "அங்கே எனக்கு யாரையும் தெரியாதும்மா. ஃபைலை மட்டும் முழுசா வாங்கிட்டுப் போ" என்றார். அதையாவது கேட்டேனே, நல்லதாகப் போயிற்று. ரத்தப் பிரிவு, 12-வது வார ஸ்கேன், 20-வது வார ஸ்கேன், சுகர் டெஸ்ட், போட்ட ஊசிகளின் தேதி என்று எல்லாவற்றையும் வாங்கி, ஒவ்வொரு தாளையும் ஃபோனில் படம் எடுத்துக்கொண்டு, ஃபைலைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். சாமான் வண்டி இரண்டு நாள் தாமதமாக வந்தது. அதில் போட்டிருந்தால் அவ்வளவுதான்.

முதலில் போனது வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கிளினிக். இணையத்தில் நட்சத்திரங்களைக் கொட்டியிருந்தார்கள். விமர்சனங்களை உட்கார்ந்து படித்தேன். வரவேற்பில் சிரித்த முகம், சுத்தமான அறை, அழகான குழந்தை. குழந்தை அழகாக இருந்ததற்கும் டாக்டருக்கும் என்ன சம்பந்தமோ தெரியவில்லை. வலி வந்த நேரத்தில் என்ன நடந்தது என்று ஒருவர்கூட எழுதவில்லை.

லிஃப்ட் வேலை செய்யவில்லை. இரண்டு மாடி ஏறி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போதே கையில் பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தார்கள். 138/88. "ஏறிப்போச்சே" என்று நர்ஸ் சொன்னதும் எனக்கு இன்னும் ஏறியிருக்கும். டாக்டர் என் ஃபைலைத் திறக்கவே இல்லை. அங்கேயே ஒரு ஸ்கேன் எடுத்து, பிரசவத் தேதியை 9 நாள் முன்னால் தள்ளி எழுதினார். முதல் ஸ்கேனில் வேறு தேதி இருக்கிறதே என்றேன். "இதுதானே லேட்டஸ்ட்" என்று பதில் வந்தது.

அங்கேதான் எனக்கு மனசு விட்டுப்போனது. முதல் மூன்று மாதத்தில் எல்லாக் குழந்தைகளும் ஏறக்குறைய ஒரே வேகத்தில் வளரும். அதனால் அப்போது எடுத்த அளவை வைத்துத்தான் தேதியை முடிவு செய்வார்கள். அதற்கப்புறம் ஒன்று பருமனாக வளரும், ஒன்று ஒல்லியாக வளரும். ஏழாம் மாத ஸ்கேனை வைத்துத் தேதி சொன்னால் இரண்டு வாரம்கூட முன்னே பின்னே போகலாம். ஒன்பது நாள்தானே என்று விட முடியாது. "தேதி தாண்டிடுச்சு, வலி வர மருந்து வைக்கலாம்" என்ற பேச்சும் ஒன்பது நாள் முன்னதாகவே ஆரம்பித்துவிடும். கிளம்பும்போது, பிரசவத்துக்கு நீங்களே வருவீர்களா என்று கேட்டேன். "நான்தான் வருவேன், கவலையே படாதீங்க" என்று சிரித்தார். ஒரே ஆள் வருஷம் முழுக்க, ராத்திரி பகல் எல்லாம் எப்படி வருவார் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் எனக்கே உறைத்தது.

இரண்டாவது ஒரு பெரிய மருத்துவமனை. அங்கே ஃபோனிலேயே கதை முடிந்தது. மூன்றரை வாரம் கழித்துத்தான் நேரம் கிடைக்கும் என்றார்கள். எனக்கு நெகட்டிவ் குரூப், 28-வது வாரத்தில் ஊசி போட வேண்டும் என்றேன். "அதை டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க." அதற்குத்தானே அம்மா நேரம் கேட்கிறேன்!

கடைசியில் வழி காட்டியது மேல்வீட்டுப் பெண். வேறொரு மருத்துவமனையில் நர்ஸ். நல்ல டாக்டர் யார் என்று கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும் என்பதால், "உங்க தங்கச்சிக்குன்னா யார்கிட்ட அனுப்புவீங்க?" என்று கேட்டேன். யோசிக்காமல் ஒரு பெயரைச் சொன்னார். "கொஞ்சம் சிடுசிடுன்னு இருப்பாங்க. ஆனா வேலையில கெட்டி."

சிடுசிடுப்பு உண்மைதான். உள்ளே போனதும் வணக்கத்துக்குத் தலையை ஆட்டிவிட்டு ஃபைலைக் கேட்டார். ஒரு வார்த்தை பேசாமல் முதல் தாளிலிருந்து படித்தார். 12-வது வார ஸ்கேன் வந்ததும் நிறுத்தி, அதிலிருந்த தேதியைத் தன் தாளில் எழுதிக்கொண்டார். கிளினிக்காரர் கொடுத்த புதுத் தேதியைக் காட்டினேன். பேனாவால் ஒரு கோடு இழுத்து அடித்தார். ரத்தப் பிரிவு தாளில் கை நின்றது.

"கணவர் குரூப்?"

"பாசிட்டிவ்."

"இதுக்கு முன்னாடி கரு கலைஞ்சிருக்கா? நடுவுல ரத்தப்போக்கு ஏதாவது?"

இல்லை என்றதும்தான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் பொறுமையாகவே விளக்கினார். குழந்தை பாசிட்டிவாக இருந்து அதன் ரத்தம் கொஞ்சம் என் ரத்தத்தில் கலந்தால், என் உடம்பு அதை எதிர்க்கப் பழகிவிடும். பெரும்பாலும் இந்தக் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த குழந்தைக்குத்தான் ஆபத்து. அந்த எதிர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா என்று முதலில் ரத்தப் பரிசோதனை, இல்லையென்றால் அது வராமல் தடுக்க 28-வது வாரத்தில் ஆன்டி-டி ஊசி. பிறந்ததும் குழந்தையின் குரூப் பார்த்து, பாசிட்டிவ் என்றால் 72 மணி நேரத்துக்குள் இன்னொரு ஊசி. சொல்லி முடித்து, ஃபைலின் மேலட்டையில் சிவப்பு மையில் என் குரூப்பைப் பெரிதாக எழுதினார். "ராத்திரி வர்றவங்க கண்ணுல படணும்."

என் கேள்வியை அவரே எடுத்துக்கொடுத்த மாதிரி ஆயிற்று. அந்த ராத்திரி யார் வருவார்கள் என்று கேட்டேன். "நாங்க மூணு பேர், முறை வெச்சுப் பார்க்கறோம். உங்களுக்கு வலி வர்ற அன்னைக்கு நான் இருப்பேன்னு சத்தியம் பண்ண மாட்டேன். 36 வாரத்துக்குள்ள மத்த ரெண்டு பேரையும் ஒரு தடவை பார்த்துடுங்க." அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

பிரஷரையும் சொல்ல வேண்டும். இங்கே நர்ஸ் ஐந்து நிமிஷம் உட்கார வைத்தார். காலைக் குறுக்கே போடாதீர்கள், பேசாதீர்கள் என்று சொல்லி, கையை மேஜையில் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார்த்தார். 116/74.

33-வது வாரத்தில் ஒருநாள் சாயங்காலத்திலிருந்து குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி இருந்தது. இனிப்பாக ஏதாவது குடித்துவிட்டுப் படு, மாசம் ஏற ஏற அசைவு குறையும் என்று உறவில் ஒருவர் சொன்னார். அப்படி ஒன்றும் குறையாது. அசையும் விதம் மாறலாம், ஆனால் குறைந்தால் உடனே காட்ட வேண்டும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். ராத்திரி இரண்டு மணிக்கு லேபர் வார்டு எண்ணுக்கு அடித்தேன். இரண்டாவது ரிங்கிலேயே எடுத்தார்கள். "காலையில வரலாமா?" என்று இழுத்தேன். "இப்பவே வாங்க." வயிற்றில் பட்டை கட்டி அரை மணி நேரம் குழந்தையின் இதயத்துடிப்பைப் பதிவு செய்தார்கள். முறையில் இருந்தது நான் பார்த்தே இராத மூன்றாவது டாக்டர். அறைக்குள் நுழையும்போதே, "நெகட்டிவ் குரூப், 28-ல ஊசி போட்டாச்சு, இல்லையா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். துடிப்பு நன்றாக இருந்தது. இப்படி வந்ததற்கு யாரும் முகம் சுளிக்கவில்லை. மறுபடி குறைந்தால் மறுபடி வாங்க என்று அனுப்பினார்கள்.

குறையும் உண்டு. சொன்ன நேரத்துக்கு ஒருநாளும் கூப்பிட்டதில்லை, குறைந்தது ஒன்றரை மணி நேரம் காக்க வைக்கிறார்கள். பகலில் வரவேற்பு எண்ணை எடுக்க வைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். எடை பார்க்கும் மெஷின் எல்லாரும் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் இருக்கிறது. நர்ஸ் என் எடையை உரக்கப் படிக்க, எதிரில் இருந்தவர் தலையைத் திருப்பிக்கொண்டார். இதைச் சொல்லிப் பார்த்தேன், "இடம் இல்லைம்மா" என்றார்கள். நாலு நட்சத்திரம் கொடுக்கிறேன். குறைத்த ஒரு நட்சத்திரம் அந்த எடை மெஷினுக்காகவும் முதுகு சாயாத அந்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்காகவும். இப்போது 37 வாரம், வாராவாரம் போக வேண்டியிருக்கிறது. வீட்டிலிருந்தே ஒரு தலையணை எடுத்துப் போகிறேன்.